கிளேர்மாண்ட்: கிளைவ் கட்டிய மாளிகை யார் யார் கைக்குப் போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளேர்மாண்ட் எங்கே இருக்கிறது? அதைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் ஈஷர் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது கிளேர்மாண்ட். ஒரு குன்று, அதன்மேல் வெளிர் நிறச் செங்கல் மாளிகை, கீழே ஏரி, சுற்றிலும் பெரிய தோட்டம். இங்கிலாந்து முழுக்க இப்படிப் பண்ணை மாளிகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு.

நிலம் வாங்குவதற்கு முன் நாம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். கிளேர்மாண்டுக்கு அப்படி ஒன்று போட்டால் நாடக ஆசிரியர், பிரதமர், கிழக்கிந்தியக் கும்பெனித் தளபதி (இவர்தான் கிளைவ்), கரும்புத் தோட்ட முதலாளி, இளவரசி, நாட்டை இழந்த பிரெஞ்சு மன்னர், கப்பல் கம்பெனி இயக்குநர், பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். 300 ஆண்டுகளில் இங்கிலாந்தில் பணம் யார் யாரிடம் இருந்தது, எங்கிருந்து வந்தது என்பதை இந்த ஒரே சொத்தில் படித்துவிடலாம். அந்தச் சான்றின் ஒரு வரியில் ஆற்காடும் சென்னையும் இருக்கின்றன. எனக்கு இந்த வீட்டின்மேல் அக்கறை வந்தது அதனால்தான்.

முதலில் கட்டியவர் யார்?

ஜான் வான்ப்ரா. நாடகம் எழுதிப் பெயர் வாங்கியவர், பிறகு கட்டடக் கலைஞர் ஆனார். பிளெனம் அரண்மனை, காசில் ஹோவர்ட் எல்லாம் அவர் வரைந்தவைதான். ஈஷர் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, 1708-09 வாக்கில் தனக்கென்று அளவான ஒரு வீடு கட்டிக்கொண்டார். பெரிய மனிதர்களுக்கு அரண்மனை கட்டிக் கொடுத்தவர் தனக்குக் கட்டிய வீடு அது. ஆனால் 1714லேயே அதை விற்றுவிட்டார். இன்று நிற்கும் மாளிகை அவர் கட்டியதில்லை.

கிளேர்மாண்ட் என்ற பெயர் எப்படி வந்தது?

வாங்கியவர் தாமஸ் பெல்லம்-ஹோலஸ். மாமன் சொத்து கைக்கு வந்ததில் இளவயதிலேயே நாட்டின் பெரும் நிலக்கிழார்களில் ஒருவராகிவிட்டவர். 1714இல் 'கிளேர் பிரபு' என்ற பட்டம் கிடைத்தது. குன்றுக்குத் தன் பட்டத்தை வைத்தார்: கிளேரின் குன்று, கிளேர்மாண்ட். அடுத்த ஆண்டே நியூகாசில் கோமகன் ஆனார். பட்டம் மாறியது, வீட்டின் பெயர் மாறவில்லை.

இவர் பின்னாளில் இரண்டு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தார் (1754-56, 1757-62). பிளாசிப் போர் நடந்த 1757 ஜூனில், அவர் இரண்டாம் முறை பதவி ஏற்பதற்கான பேரம் அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, பிளாசியில் வென்றவர் அவருடைய வீட்டை விலைக்கு வாங்குவார் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

தோட்டம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஆங்கிலத் தோட்டக் கலையின் பெரிய பெயர்கள் எல்லாம் இந்த ஒரே மண்ணில் கை வைத்திருக்கின்றன. வான்ப்ரா குன்றின் உச்சியில் பெல்வெடேர் என்ற கோபுரக் கட்டடத்தை எழுப்பினார். 1720களில் சார்லஸ் பிரிட்ஜ்மன் ஒரு வட்டக் குளமும், அதைப் பார்த்தபடி சரிவில் புல்லாலேயே படிப்படியாக ஓர் அரைவட்ட அரங்கமும் அமைத்தார். ஏறத்தாழ மூன்று ஏக்கர், முழுக்க மண்ணும் புல்லும். நாடகம் நடத்தக் கட்டிய அரங்கம் இல்லை இது. ஏற இறங்க, நின்று பார்க்க.

1730களில் வந்த வில்லியம் கென்ட்டுக்கு அளவெடுத்து வெட்டிய வட்டம் பிடிக்கவில்லை. குளத்தின் கரையைக் கலைத்து, இயற்கையாக அமைந்த ஏரி போல மாற்றி, நடுவில் ஒரு தீவும் அதில் ஒரு சிறு மண்டபமும் வைத்தார். ஒரே தலைமுறைக்குள் ரசனை தலைகீழாக மாறியதை இங்கே கண்ணால் பார்க்கலாம். அரங்கம் பழைய ரசனை, அதன் காலடியில் இருக்கும் ஏரி புதிய ரசனை.

கிளைவ் கைக்கு எப்படி வந்தது?

நியூகாசில் கோமகன் வாழ்நாள் முழுக்க அரசியலில் பணத்தை இறைத்தவர். தேர்தல், விருந்து, ஆதரவாளர்கள் என்று சொத்து கரைந்தது. பிள்ளையும் இல்லை. 1768இல் அவர் இறந்ததும் மனைவி கிளேர்மாண்டை விற்க முடிவு செய்தார். 1769இல் ராபர்ட் கிளைவ் 25,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்.

வாங்கிய கையோடு வான்ப்ராவின் வீட்டை இடித்தார். அது தாழ்வான, ஈரம் தங்கும் இடத்தில் இருந்தது. மேட்டில் புது மாளிகை கட்டும் பொறுப்பை, 'கேப்பபிலிட்டி' என்ற அடைமொழியோடு புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் லான்சலாட் பிரவுனிடமும் அவருடைய மருமகனான ஹென்ரி ஹாலண்டிடமும் கொடுத்தார். பின்னாளில் இங்கிலாந்து வங்கியை வடிவமைத்த ஜான் சோன், அப்போது ஹாலண்டிடம் வேலை பார்த்த இளைஞர். அவருக்கும் இந்த வீட்டில் பங்கு உண்டு. தோட்டத்தை விரிவாக்குவதற்காக லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் போகும் பெருவழிச் சாலையையே தள்ளிப் போட்டார்கள். வீடு, தோட்டம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவானதாகச் சொல்வார்கள்.

இதெல்லாம் நம் ஊர்ப் பணமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 'ஆமாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் தவறாகிவிடும்.

கிளைவ் கும்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றதில்தான் பெயர் வந்தது. முற்றுகையில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தபோது சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சியைக் குடித்தார்கள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அதே ஆண்டுகளில் படைக்கு உணவுப் பொருள் வாங்கிக் கொடுக்கும் அதிகாரியாகவும் அவர் இருந்தார். அந்த வேலையில் ஒவ்வொரு கொள்முதலிலும் கமிஷன் உண்டு. 1753இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பல் ஏறியபோது அவர் கையில் ஏறத்தாழ 40,000 பவுண்டு இருந்தது. அப்போது வயது 27.

ஆனால் அந்தச் சென்னைப் பணம் கிளேர்மாண்டுக்குப் போகவில்லை. தந்தையின் கடனை அடைப்பதிலும், நாடாளுமன்றத் தேர்தலிலும், ஆடம்பரத்திலும் இரண்டு ஆண்டுகளில் அதில் பெரும்பகுதி கரைந்தது. மாளிகையைக் கட்டியது வங்காளப் பணம். பிளாசிக்குப் பிறகு கும்பெனி வங்காள நவாபாக்கிய மீர் ஜாபர் கொடுத்த 'பரிசு' மட்டும் 2,34,000 பவுண்டு. அதற்குமேல் ஆண்டுக்கு 27,000 பவுண்டு வருமானம் தரும் ஜாகீரும் (நில வருவாய் உரிமை) கிடைத்தது. மேலே சொன்ன கிளேர்மாண்டின் விலை அந்த ஜாகீரின் ஓராண்டு வருமானத்தைவிடக் குறைவு.

சரி, அப்படியானால் தமிழ்நாட்டுக்கு இதில் தொடர்பே இல்லையா? உண்டு, வேறு விதத்தில். 1756இல் கிளைவ் சென்னையிலிருந்து வங்காளத்துக்குக் கப்பலில் கொண்டுபோன படையில் சுமார் 900 ஐரோப்பியர்களும் 1,500 சிப்பாய்களும் இருந்தார்கள். அந்தச் சிப்பாய்கள் நம் பக்கத்து ஆட்கள். பணம் வங்காளத்துடையது, அதைப் பறித்த துப்பாக்கிகளில் பல சென்னையிலிருந்து போனவை. ஆற்காட்டில் டில்லி கேட்டைப் பார்ப்பவர்கள் கிளேர்மாண்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இது பெருமைப்படும் தொடர்பு இல்லை. ஆனால் மறைக்கவும் கூடாது.

கிளைவ் அந்த மாளிகையில் வாழ்ந்தாரா?

வாழக் கொடுத்து வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீடு எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் வங்காளத்தில் கொடிய பஞ்சம் (1769-70) லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. 1773இல் அவருடைய சொத்துக் குவிப்பை நாடாளுமன்றம் விசாரித்தது. தண்டனை இல்லாமல் தப்பினார். 1774 நவம்பர் 22 அன்று லண்டன் பெர்க்லி சதுக்கத்து வீட்டில், 49 வயதில் இறந்தார். தற்கொலை என்பதே பெரும்பாலோர் கருத்து.

பேய் வந்து தன்னைத் தூக்கிப் போய்விடக் கூடாது என்றுதான் அந்தப் பொல்லாத பிரபு சுவரை இவ்வளவு தடிமனாகக் கட்டச் சொல்கிறான் என்று சர்ரே கிராமத்து ஜனங்கள் கிசுகிசுத்தார்களாம். அடுத்த நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் மெக்காலே இதை எழுதி வைத்திருக்கிறார். வங்காளத்தை ஒருநாளும் பார்த்திராத அந்த ஜனங்களுக்கும் அந்தப் பணத்தின்மேல் ஒரு பயம் இருந்திருக்கிறது. மாளிகையின் முகப்பில், தூண்களுக்கு மேலே இருக்கும் முக்கோணத்தில் கிளைவின் குலச்சின்னம் இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் அதன் கீழேதான் நடந்து உள்ளே போனார்கள்.

கிளைவின் குடும்பம் அதை வைத்துக்கொள்ளவில்லையா?

இல்லை. 1786இல் விற்றுவிட்டார்கள். போட்ட முதலில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை என்பார்கள். மூத்த மகன் எட்வர்டு, வேல்ஸ் நாட்டின் பொவிஸ் குடும்பத்தில் பெண் எடுத்தார். குடும்பத்தின் வேர் அந்தப் பக்கம் போனது.

இந்த எட்வர்டு கிளைவை நமக்குத் தெரியும். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் விருந்து மண்டபம் அவர் காலத்தில் கட்டப்பட்டதுதான். தந்தை வென்ற பிளாசியையும், திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் கொண்டாட எழுப்பிய கட்டடம் அது.

அடுத்து வாங்கியவர்கள்?

கால்வே பிரபு, அப்புறம் டிர்கானல் பிரபு. இவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

1807இல் வந்த சார்லஸ் ரோஸ் எல்லிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தவர். அங்கே வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். நாடாளுமன்றத்தில் மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் கிளேர்மாண்டை வாங்கிய அதே 1807இல்தான் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. வணிகம்தான் நின்றது, தோட்டங்களில் அடிமை முறை மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. வங்காள வரிப்பணத்தில் எழுந்த சுவர்களுக்குள் ஜமைக்காச் சர்க்கரைப் பணம் குடியேறியது.

அரச குடும்பத்துக்குப் போனது எப்போது?

1816இல். மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசர் ரீஜெண்டின் ஒரே மகளான இளவரசி சார்லட், ஜெர்மனியின் சாக்ஸ்-கோபர்க் இளவரசர் லியோபோல்டை அந்த ஆண்டு மே 2 அன்று மணந்தார். இளம் தம்பதிக்கென்று நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அரசே கிளேர்மாண்டை வாங்கியது. சார்லட்தான் வருங்கால ராணி. மக்களுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

ஒன்றரை ஆண்டுதான். 1817 நவம்பரில் இரண்டு நாளுக்கு மேல் நீடித்த பிரசவ வலிக்குப் பிறகு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. சில மணி நேரத்தில், நவம்பர் 6 அதிகாலையில், 21 வயது சார்லட்டும் இறந்தார். நாடே துக்கத்தில் மூழ்கியது. துணிக்கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது என்று எழுதியிருக்கிறார்கள். பிரசவம் பார்த்த மருத்துவர் ரிச்சர்ட் கிராஃப்ட்டைப் பலரும் குறை சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஒரே ஒரு பிரசவத்தால் தாய், பிள்ளை, கடைசியில் மருத்துவர் என்று மூன்று உயிர் போனதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

அந்த மரணத்துக்கும் விக்டோரியா ராணிக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. சார்லட் போனதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சட்டப்படி வாரிசாகக் கூடிய பேரப்பிள்ளையே இல்லாமல் போனது. அதுவரை கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்த அவருடைய மகன்கள் அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள். அவர்களில் கென்ட் கோமகன், லியோபோல்டின் அக்காளையே 1818இல் மணந்தார். 1819 மே 24 அன்று பிறந்த மகள்தான் விக்டோரியா. அப்படிப் பார்த்தால் லியோபோல்ட் அவருக்குத் தாய்மாமன். சிறுமி விக்டோரியா மாமா வீட்டுக்கு அடிக்கடி வருவார். தன் குழந்தைப் பருவத்தின் மகிழ்ச்சியான நாள்கள் கிளேர்மாண்டில்தான் கழிந்தன என்று பின்னாளில் சொன்னார்.

லியோபோல்ட் பெல்ஜிய மன்னரான பிறகு சொத்து யாருடையது?

அவருக்கு இருந்தது ஆயுள் அனுபவ உரிமை. 1831இல் பெல்ஜியத்தின் முதல் மன்னராகப் போனபோது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொடுத்துவந்த 50,000 பவுண்டு ஆண்டுப் பணத்தை விட்டுக்கொடுத்தார். கிளேர்மாண்டின் பராமரிப்புக்கும் சில பொறுப்புகளுக்கும் ஆகும் தொகையை மட்டும் நிறுத்திக்கொண்டார். வீட்டை விட மனம் வரவில்லை. 1865இல் இறக்கும்வரை அது அவர் பொறுப்பில்தான் இருந்தது.

பிரெஞ்சு மன்னர் இங்கே வந்தது ஏன்?

1848 பிப்ரவரிப் புரட்சியில் அரியணையை இழந்த லூயி பிலிப், லியோபோல்டின் மாமனார். இரண்டாம் மனைவியின் தந்தை. மருமகனுடைய காலி வீடு அடைக்கலம் ஆனது. அங்கேயும் நிம்மதி இல்லை. குடிதண்ணீர் ஈயக் குழாயில் வந்துகொண்டிருந்ததால், அந்த ஆண்டே குடும்பத்தாருக்கும் பணியாளர்களுக்கும் கடுமையான வயிற்று வலி. ஈய நஞ்சு என்று மருத்துவர் கண்டுபிடித்ததும் ரிச்மண்டில் ஒரு ஓட்டலுக்குக் கொஞ்ச காலம் குடிபெயர்ந்தார்கள். 1850 ஆகஸ்ட் 26 அன்று லூயி பிலிப் கிளேர்மாண்டிலேயே இறந்தார். அவர் மனைவி மரி அமேலி அதே வீட்டில் 1866இல் இறந்தார்.

பிறகு ஏன் பறிமுதல் ஆனது?

விக்டோரியா 1882இல் கிளேர்மாண்டைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கி, கடைசி மகன் லியோபோல்டுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தார். அவருக்கு ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோய். 1884 மார்ச்சில் பிரான்சின் கான் நகரில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டார். நான்கு மாதம் கழித்து, ஜூலை 19 அன்று கிளேர்மாண்டில் மகன் சார்லஸ் எட்வர்டு பிறந்தான். அப்பா முகம் பார்க்காத பிள்ளை.

1900இல், 16 வயதில், சாக்ஸ்-கோபர்க்-கோதா என்ற ஜெர்மன் சிற்றரசின் கோமகனாக அவனை ஆக்கினார்கள். ஆங்கிலேயப் பள்ளி மாணவன் ஜெர்மன் ஆட்சியாளன் ஆனான். முதல் உலகப் போரில் ஜெர்மனி பக்கம் நின்றதால் 1919இல் அவருடைய பிரிட்டிஷ் பட்டங்கள் பறிக்கப்பட்டன. (பின்னாளில் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், அது அவராகத் தேடிக்கொண்டது.) தாய் ஹெலன் 1922இல் இறந்ததும் கிளேர்மாண்ட் மகனுக்கு வந்திருக்க வேண்டும். எதிரி நாட்டவர் சொத்து என்று அரசு அதை எடுத்துக்கொண்டு விற்றது. பிறந்த வீட்டுக்கு அவரால் உரிமை கொண்டாட முடியவில்லை.

இடிக்கப் போனார்கள் என்பது உண்மையா?

உண்மை. வாங்கியவர் குனார்ட் கப்பல் நிறுவனத்தின் இயக்குநர் வில்லியம் காரி. அவர் 1926இல் இறந்தார். அடுத்து ஆய்கன் ஸ்பியர் என்ற ஜெர்மன் நிதியாளர் வாங்கினார். இதற்கிடையில் எஸ்டேட்டின் ஓரங்கள் மனைகளாகப் பிரிந்து வீடுகள் முளைத்தன. 1930 வாக்கில் மாளிகை காலியாக, இடிப்பதற்குக் காத்திருந்தது.

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்து முழுக்க இதே கதைதான். விவசாய வருமானம் விழுந்தது, வாரிசு வரி ஏறியது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான மாளிகைகள் தரைமட்டமாயின. கிளேர்மாண்டைக் காப்பாற்றியது ஒரு பள்ளிக்கூடம். தெற்கு லண்டனில் இருந்த ஒரு பள்ளியின் நிர்வாகிகள் வாங்கி இங்கே குடிவந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஹாக்கர் விமான நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவு கொஞ்ச காலம் இங்கிருந்து இயங்கியது. கிளைவின் கூடங்களில் போர் விமானங்களை வரைந்தார்கள்! 1978 முதல் பள்ளியின் பெயர் கிளேர்மாண்ட் ஃபேன் கோர்ட்.

இன்று உரிமையாளர் யார்? பார்க்கப் போகலாமா?

இரண்டு பேர். மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும் பெல்வெடேரும் பள்ளியிடம். ஏரி உள்ள பகுதியில் சுமார் 50 ஏக்கர் 1949 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையிடம். தோட்டத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகலாம். மாளிகைக்குள் நினைத்தபோது நுழைய முடியாது, பிள்ளைகள் படிக்கிற இடம்.

1975இல் சீரமைப்பு தொடங்கியபோது பிரிட்ஜ்மனின் புல் அரங்கம் கண்ணுக்கே தெரியாமல் புதர் மூடிக் கிடந்தது. மரங்களையும் புதர்களையும் வெட்டி எடுத்த பிறகுதான் படிகள் வெளியே வந்தன. போகிறவர்கள் முதலில் அந்தப் படிகளின் உச்சிக்கு ஏறுங்கள். கீழே கென்ட்டின் ஏரியும் தீவும் முழுதாகத் தெரியும். பிறகு சார்லட்-லியோபோல்ட் காலத்துக் கேமலியாச் செடிகள் இருக்கும் மேடைக்குப் போங்கள். அவை இன்னும் பூக்கின்றன.